பாக்கெட் மாவு வாங்குற மருமக சோம்பேறியா? மளிகைக் கடையில வளர்ந்தவனோட பதில்

வணக்கம்மா. நீங்க எழுதினதைச் சுருக்கிச் சொல்றேன், வேற யாராச்சும் படிச்சா புரியணும்ல. உங்க வீட்ல மருமக வாரத்துல மூணு நாள் கடையில பாக்கெட் மாவு வாங்குறாங்க, குழம்புப் பொடி கூட வீட்ல அரைக்கிறதில்ல, பேரன் சாயங்காலம் ஆனா நூடுல்ஸ் கேட்டு அடம் பிடிக்கிறான், எங்க காலத்துல எல்லாமே கையால செஞ்சோம், இந்தத் தலைமுறைக்கு ஏன் இவ்ளோ சோம்பேறித்தனம், இதெல்லாம் உடம்புக்கு ஆகுமான்னு கேட்டிருக்கீங்க. கடைசியில பாக்கெட் மாவுல போரிக் ஆசிட் போடுறாங்களாமேன்னு ஒரு வாட்ஸப் சமாச்சாரமும் இருக்கு, அதுக்கும் வர்றேன். முதல்ல அந்த சோம்பேறிங்கிற வார்த்தை, எனக்கு அங்கதான் சண்டை.

எங்கப்பா விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல மளிகைக் கடை வச்சிருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தா நான்தான் பழைய பேப்பர்ல பொட்டலம் மடிக்கிற ஆளு, சீரகம் அம்பது கிராம் கடுகு அம்பது கிராம்னு மடிச்சு சணல் நூல் சுத்தி வைக்கணும். அப்புறம் ஃபுட் டெக்னாலஜி படிச்சுட்டு இப்ப இருபது வருஷத்துக்கு மேல சாப்பாட்டுப் பொருள் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. ஒரு ஊர் என்ன சாப்பிடுதுன்னு தெரியணும்னா அந்த ஊர் மளிகைக் கடைக் கல்லாவுல ரெண்டு வருஷம் உக்காந்தா போதும், எந்த சர்வேயும் வேணாம்.

நம்ம காலத்துல தினம் இட்லி தோசை வீட்லயே அரைச்சு சாப்பிட்டோம்னு சொல்றீங்க. உங்க காலத்துல சரி. உங்க மாமியார் காலத்துல? எங்க அப்பத்தா கல்யாணம் ஆகி வந்த வீட்ல காலைல கம்பங்கூழ், மத்தியானம் சோளச்சோறு இல்ல குதிரைவாலிச்சோறு, ராத்திரிக்கு மிச்சம் இருந்தா அது, இல்லாட்டி கேப்பைக்களி. நெல்லுச்சோறுன்னே தனியா பேரு சொல்லித்தான் பேசுவாங்க, ஏன்னா சோறுன்னா நெல்லுன்னு அர்த்தம் கிடையாது. கரிசக்காட்டு ஊர்கள்ல இட்லிங்கிறது தீவாளிக்கு, அப்புறம் யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா கிளப்புக்கடையில இருந்து ரெண்டு வாங்கிட்டு வர்றது. தீவாளிக்கு எத்தனை இட்லி தின்னோம்னு எண்ணிச் சொல்ற கதை உங்க வீட்டுப் பெரியவங்களும் சொல்லியிருப்பாங்க. காவிரிக் கரை, தாமிரபரணிக் கரை ஆளுங்களுக்கு வேற கதை, அங்க நெல்லு உண்டு. ஆனா தமிழ்நாட்டுல பெரிய பங்கு மானாவாரிப் பூமிங்கிறத மறந்துடறோம்.

அப்ப தினசரி இட்லி எப்ப வந்துச்சுன்னா, அதுக்கு ரெண்டு விஷயம் சேர வேண்டியிருந்துச்சு. ஒண்ணு அரிசி. 60கள்ல ஏடிடி 27, ஐஆர் 8 மாதிரி புது ரக நெல்லு வந்து விளைச்சல் ஏறுச்சு, 1967 எலெக்‌ஷன்ல ரூபாய்க்கு மூணு படி லட்சியம் ஒரு படி நிச்சயம்னு பேசுற அளவுக்கு அரிசி அரசியல் ஆச்சு, பின்னாடி ரேஷன்ல அரிசி ஊருக்கு ஊர் போய்ச் சேந்துச்சு. 2008ல கிலோ ஒரு ரூபா, 2011 ஜூன்ல இருந்து இலவசம். ரேஷன் புழுங்கல் அரிசியச் சோறாக்கிச் சாப்பிட முகம் சுளிக்கிற வீட்ல கூட அதை மாவுக்கு ஊறப்போடுவாங்க, ஏன்னா அந்தத் தடிச்ச அரிசிக்கு இட்லி நல்லா வரும். இதை எழுதி வச்ச ஆள் யாரும் இல்ல, ஆனா ரேஷன் கார்டு வச்சிருக்க எந்த வீட்ல வேணா கேட்டுப் பாருங்க.

ரெண்டாவது விஷயம் ஆட்டுறது. அரிசி இருந்தா மட்டும் இட்லி ஆகாதே, யாராச்சும் ஆட்டணும், அந்த யாராச்சும் யாருன்னு உங்களுக்கே தெரியும். எங்கம்மா ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு பாத்திரம் கழுவி முடிச்சப்புறம் ஆட்டுரல் பக்கத்துல ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உக்காருவாங்க. வலது கை குழவியச் சுத்தும், இடது கை ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல குழிக்குள்ள உளுந்தைத் தள்ளி விடும், தாளம் தப்புனா விரல் நசுங்கும். முதல்ல கல்லும் கல்லும் உரசுற சத்தம் கேக்கும், உளுந்து பொங்கி வர வர சத்தம் அடங்கி சளப் சளப்னு ஆயிடும், அந்தச் சத்தத்தை வச்சே பதம் சொல்லுவாங்க. எட்டு பேர் வீட்டுக்கு உளுந்தும் அரிசியும் ஆட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம். வலது உள்ளங்கையில விரலுக்குக் கீழ காய்ப்புக் காய்ச்சு கிடக்கும், எங்க தலையத் தடவிக் குடுத்தா முடியில அது சொரசொரன்னு மாட்டும். அதனால தினமும் இட்லி கிடையாது, வாரத்துல ரெண்டு நாள், அதுவே பெரிசு.

1955 வாக்குல கோயம்புத்தூர்ல சபாபதின்னு ஒருத்தர் கல்லை மோட்டார்ல சுத்த விட்டார்னு சொல்லுவாங்க, அதுல இருந்துதான் வெட் கிரைண்டர் தொழிலே வளந்து இன்னைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்கு. ஆனா அந்தக் கல்லு எல்லா வீட்டுக்கும் வந்து சேர முப்பது நாப்பது வருஷம் ஆச்சு. எங்க தெருவுல முதல்ல வாங்கின வீட்ல இங்கு மாவு ஆட்டித் தரப்படும்னு ஒரு சிலேட்டுல எழுதித் தொங்க விட்டாங்க, ஊறப்போட்ட அரிசியத் தூக்குவாளியில எடுத்துட்டுப் போய் வரிசையில நின்னு படிக்கு இவ்ளோன்னு கூலி குடுத்து ஆட்டிட்டு வருவோம். எங்க வீட்டுக்கு கிரைண்டர் வந்தது 1988ல. அதுக்கப்புறம்தான் தினம் ராத்திரி தோசைங்கிறதே எங்க வீட்ல வழக்கமாச்சு. சுருக்கமா சொன்னா நீங்க பாரம்பரியம்னு நினைக்கிற தினசரி இட்லி தோசைக்கு வயசு ஒரு மோட்டாரோட வயசுதான். இட்லி பழசுதான், பத்தாம் நூற்றாண்டு கன்னட நூல்ல இட்டலிகேன்னு வருது, ஆனா அதுல அரிசியே சேத்ததா தெரியல, வெறும் உளுந்து. பலகாரம் பழசு, அதைத் தினம் திங்கிறது புதுசு.

இப்ப உங்க மருமகளுக்கு வருவோம். மெஷின் வந்ததும் ஆட்டுற வேலை போச்சு, ஆனா ஊறப்போடுறது, கழுவுறது, கல்லைத் தூக்கிக் கழுவுறது, உப்புப் போட்டுக் கரைக்கிறது, பொங்கி வழிஞ்சா காலைல மேடையத் துடைக்கிறது எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு. கிரைண்டர் வச்சிருந்தவங்களுக்குத் தெரியும், ஆட்டுறதை விட அதைக் கழுவுறதுதான் தண்டனை. கடையில மாவு வாங்குற பழக்கம் அந்த இடத்துலதான் உள்ள நுழைஞ்சுச்சு. ஆரம்பத்துல இது கம்பெனி சமாச்சாரமே கிடையாது, தெருவுக்கு ஒரு மாவு அக்கா, வீட்டு வாசல்ல ஒரு பெரிய எவர்சில்வர் பானை, கரண்டிக்கு இவ்ளோன்னு நம்ம பாத்திரத்துலயே ஊத்திக் குடுப்பாங்க. அப்புறம் கவர், வாயில ரப்பர் பேண்ட். பெங்களூர்ல 2005ல முஸ்தபாவும் அவரோட சொந்தக்காரப் பசங்களும் ஐடி ஃப்ரெஷ்ங்கிற மாவு கம்பெனிய ஆரம்பிச்சதே இந்த ரப்பர் பேண்ட் கவரைப் பாத்துதான், இதையே சுத்தமா பேக் பண்ணிக் குடுத்தா என்னன்னு அம்பது சதுர அடி இடத்துல தொடங்கினதா அவரே பல இடத்துல சொல்லியிருக்கார்.

நம்ம ஊர்ல கடை மாவு ஒரேயடியா பரவினதுக்கு எனக்குத் தெரிஞ்ச இன்னொரு காரணம் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. 2011 செப்டம்பர்ல இருந்து அரசாங்கம் மிக்ஸி கிரைண்டர் ஃபேன் இலவசமா குடுத்துச்சு. 2012ல என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? சென்னைய விட்டு வெளிய வந்தா பல ஊர்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் கிடையாது. கிரைண்டர் வீட்டுக்கு வந்துச்சு, அதைச் சுத்தத்தான் கரண்ட் வரல. உளுந்து ஊறிப் புளிச்சுப் போய் குப்பையில கொட்டின வீடு எத்தனையோ. ஜெனரேட்டர் வச்சிருந்த மாவுக்கடைக்கு அப்பதான் கூட்டம் மொய்ச்சுச்சு, கரண்ட் ஒழுங்கான பிறகும் அந்தக் கூட்டத்துல பாதி வீட்டுக்குத் திரும்பல. பழக்கம் அப்படித்தான் மாறும், யாரும் உக்காந்து முடிவு பண்றதில்ல, ஒரு நெருக்கடியில வேற வழியப் புடிப்போம், நெருக்கடி போனாலும் அந்த வழியிலயே போயிட்டு இருப்போம். பெங்களூர் எம்டிஆர் ஓட்டல்ல ரவா இட்லி வந்ததும் இதே மாதிரிதான், ரெண்டாம் உலகப்போர் சமயம் பர்மா அரிசி வரத்து நின்னு தட்டுப்பாடு வந்தப்ப ரவைய வச்சு சமாளிச்சாங்க, அரிசி திரும்பி வந்துச்சு, ரவா இட்லி போகல.

குழம்புப் பொடி பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா சோம்பேறிப் பட்டத்துக்கு என்கிட்ட இருக்க நேரடி சாட்சி அதுதான். ஈரோட்டுல சக்தி மசாலா 1975ல, சென்னையில ஆச்சி மசாலா 1995ல. எங்க கடைக்கு மசாலாப் பாக்கெட் வந்த புதுசுல அப்பா என்ன நினைச்சார்னா இது வாத்தியார் வீடு, பேங்க்காரர் வீடு மாதிரி வசதியான வீட்டுக்குத்தான் போகும்னு. போகல. அந்த வீட்டு அம்மாக்கள் நல்ல நாள் பாத்து மல்லி மிளகாய் காய வச்சு வறுத்து மில்லுல குடுத்து ஒரு வருஷத்துக்குத் திரிச்சு வச்சிருந்தாங்க, எங்களை வந்து கேலி பண்ணிட்டுப் போனாங்க. பாக்கெட்டை வாங்கினது தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைங்க. காலைல ஏழு மணிக்கு வேன் வந்து கூட்டிட்டுப் போகும், சாயங்காலம் ஆறரைக்கு இறக்கி விடும், இறங்கின கையோட கடைக்கு வந்து கால் கிலோ கத்திரிக்கா, நூறு எண்ணெய், ஒரு சின்னப் பாக்கெட் குழம்புப் பொடி. ஒரு வருஷத்துக்கு மொத்தமா மல்லி மிளகாய் வாங்கக் கையில மொத்தமா காசு வேணும், காய வைக்க மாடி வேணும், நாலு நாள் லீவு வேணும். மூணும் இல்லாதவங்களுக்கு அந்தப் பாக்கெட் வந்துச்சு. பத்து மணி நேரம் தீக்குச்சி அடுக்கிட்டு வந்த பொம்பளையப் பாத்து சோம்பேறின்னு சொல்ல எங்கப்பாவுக்கு வாய் வரல, எனக்கும் வராது. உங்க மருமக வேலைக்குப் போறாங்களான்னு நீங்க எழுதல, வாரத்துல மூணு நாள்னு எழுதினதுல இருந்து போறாங்கன்னுதான் நினைக்கிறேன்.

அந்தச் சின்னப் பாக்கெட்டுங்கிறதே நம்ம ஊர் கண்டுபிடிப்பு மாதிரிதான். கடலூர்ல சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தர் 70கள்ல ஷாம்புவ சின்னச் சின்ன பாக்கெட்ல போட்டு வித்தார், பணக்காரன் வாங்குறதை கூலிக்காரனும் வாங்கணும்ங்கிறதுதான் அவர் யோசனை, அவர் பையன் ரங்கநாதன் 1983ல சிக் ஷாம்பு ஆரம்பிச்சு அதைப் பெருசா பண்ணினார். ஊறுகாய், மஞ்சத்தூள், காப்பித்தூள், எல்லாம் அதே வழியில சரம் சரமா கடை வாசல்ல தொங்க ஆரம்பிச்சது. எங்கப்பா மடிச்ச பொட்டலம் போச்சு, மாசச் சிட்டை போச்சு, தினம் வாங்கித் தினம் சமைக்கிற பழக்கம் வந்துச்சு. ஒரு நஷ்டத்தையும் சொல்லணும்ல, முன்னாடி எங்க தெருவுல புளிக்குழம்பு வாசனைய வச்சு எந்த வீடுன்னு சொல்லிடுவேன், ஒரு வீட்ல வெந்தயம் தூக்கும், ஒரு வீட்ல பெருங்காயம், எங்க வீட்ல கறிவேப்பிலைய வறுத்துச் சேப்பாங்க. இப்ப தெரு முழுக்க ஒரே வாசனை. உடம்புக்கு அதனால ஒண்ணும் ஆகாது, ஆனா எனக்கு வருத்தம்தான்.

உங்க பேரனோட நூடுல்ஸ் விஷயத்துல நான் உங்க பக்கம். மாவையும் நூடுல்ஸையும் பாக்கெட்டுன்னு ஒரே மூட்டையில கட்டினீங்க பாருங்க, அதை மட்டும் பிரிச்சிடுங்க, ரெண்டும் வேற ஜாதி. மாவுப் பாக்கெட்ல இருக்கது அரிசி, உளுந்து, தண்ணி, உப்பு, கொஞ்சம் வெந்தயம், உங்க வீட்டு அடுப்படியில இருக்க பொருள்தான், ஆட்டுற இடம் மட்டும் மாறியிருக்கு. இன்ஸ்டன்ட் நூடுல்ஸை உங்க அடுப்படியில செய்யவே முடியாது. ஜப்பான்ல மோமோஃபுகு ஆண்டோ 1958ல கண்டுபிடிச்ச முறை அது, மைதாவப் பிசைஞ்சு இழையாக்கி, ஆவியில வேக வச்சு, எண்ணெயில பொரிச்சு எடுக்கிறது. பொரிக்கும்போது உள்ள இருக்க தண்ணி ஆவியாப் போய் ஓட்டை ஓட்டையா விட்டுட்டுப் போகும், அந்த ஓட்டைக்குள்ள வெந்நி ஏறுறதுனாலதான் ரெண்டு நிமிஷத்துல வேகுது. அதாவது நீங்க கொதிக்க வைக்கிறது ஏற்கனவே வெந்து பொரிச்ச பண்டம், பொரிச்சது பெரும்பாலும் பாமாயில்ல. பொரிக்கலைங்க வேக வைக்கத்தான் செய்யிறேன்னு சொல்ற அம்மாக்கள் எத்தனை பேர்.

மேகி இந்தியாவுக்கு வந்தது 1983ல. வந்தப்பவே அது சாப்பாட்டு நேரத்தோட போட்டி போடல, பள்ளிக்கூடம் விட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி பசிக்கிற அந்த நேரத்தைப் புடிச்சுக்கிச்சு, விளம்பரமே பசிக்குதும்மான்னு வர்ற பிள்ளையும் ரெண்டு நிமிஷம்னு சொல்ற அம்மாவும்தான். கெட்டிக்காரத்தனம் என்னன்னா நம்ம ஆளுங்க சோத்தை விட மாட்டாங்கன்னு தெரிஞ்சு சோத்துப் பக்கமே போகல. நீங்க கவனிச்சுப் பாருங்க, இன்னைக்கும் நம்ம வீட்ல மத்தியானம் சோறு குழம்புதான், ராத்திரி தோசை சப்பாத்திதான், மூணு வேளை பெருசா மாறல. மாறினது இடைவேளை. அவிச்ச நிலக்கடலை, பனங்கிழங்கு, சீனிக்கிழங்கு, பொரிகடலையும் வெல்லமும் இருந்த இடத்துல இப்ப சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ். எங்க கடையில சரத்தைத் தொங்க விட கம்பெனி சேல்ஸ்மேனே வந்து ஆணி அடிச்சுக் குடுப்பார், அந்த ஆணி எங்கப்பா உயரத்துக்கு அடிக்க மாட்டார், ஆறு வயசுப் பையன் கண்ணு உயரத்துக்கு அடிப்பார். அப்பாவுக்கு அது அப்ப புரியல, எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு.

2015 கலாட்டா ஞாபகம் இருக்கும், உத்தரப்பிரதேசத்துல பாராபங்கியில எடுத்த மேகி சாம்பிள்ல ஈயம் 17.2 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 17.2 பங்கு, இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு, அனுமதி 2.5 தான். ஜூன்ல நாடு முழுக்க நிறுத்தினாங்க, ஆகஸ்ட்ல பாம்பே ஹைகோர்ட் அந்தத் தடைய ரத்து பண்ணுச்சு, டெஸ்ட் பண்ணின லேப்களோட அங்கீகாரத்துலயே குறை, கம்பெனி பக்கத்தையும் ஒழுங்கா கேக்கலன்னு சொல்லி, நவம்பர்ல திரும்பக் கடைக்கு வந்துடுச்சு. லேப்ல வேலை பாக்குறவனா எனக்கு அதுல வந்த எரிச்சல் என்னன்னா, ஊரே ஈயம், அஜினோமோட்டோன்னு கத்துச்சு, பாக்கெட் பின்னாடி கம்பெனியே அச்சடிச்சு வச்சிருந்த மைதாவையும் எண்ணெயையும் உப்பையும் ஒருத்தரும் பாக்கல. ஒரு நாளைக்கு உப்பு அஞ்சு கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது பெரியவங்களுக்கு. மசாலா நூடுல்ஸ் ஒரு சின்னப் பாக்கெட்ல அந்த அளவுல மூணுல ஒரு பங்கு போயிடும். உங்க பேரன் வயசுக்கு அளவு இன்னும் கம்மி.

அமெரிக்காவுல கெவின் ஹால்னு ஒரு விஞ்ஞானி 2019ல ஒரு சோதனை வெளியிட்டார், எனக்குத் தெரிஞ்சு இந்த விஷயத்துல இருக்க நல்ல சோதனையில அது ஒண்ணு. 20 பேரை ஆஸ்பத்திரியில நாலு வாரம் தங்க வச்சு, ரெண்டு வாரம் முழுக்க ஃபேக்டரித் தயாரிப்பு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடு. ரெண்டுலயும் தட்டுல வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ஒரே அளவு, எவ்ளோ வேணா சாப்பிடுங்கன்னு விட்டாங்க. ஃபேக்டரித் தயாரிப்பு சாப்பிட்ட நாள்ல ஒரு ஆளு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலா சாப்பிட்டிருக்கான், வேகமாவும் சாப்பிட்டிருக்கான், ரெண்டு வாரத்துல கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறியிருக்கு. 20 பேர்ங்கிறது சின்னக் கூட்டம்தான், அதை மறைக்கல. ஆனா ஒரு கிண்ணம் அவிச்ச கடலைய உரிச்சு மென்னு தின்ன எவ்ளோ நேரம் ஆகும், ஒரு பாக்கெட் சிப்ஸ் காலியாக எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிச்சா அந்தச் சோதனை சொல்றது வீட்லயே தெரிஞ்சிடும்.

சரி, போரிக் ஆசிட். சாப்பாட்டுல அது சட்டப்படி கூடாது, போட்டா கேஸ். ஆனா நான் கேக்குறது, மாவுக்காரர் அதை எதுக்குப் போடணும்? மாவு கெடாம இருக்கிறதுக்கு அதுக்குள்ளயே ஆள் இருக்கே. அரிசி உளுந்தோட தோல்ல ஒட்டிட்டு வர்ற பாக்டீரியா, லியூகோனோஸ்டாக்னு ஒண்ணு இருக்கு, அது சர்க்கரையத் தின்னு லாக்டிக் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் விடும். வாயுவ உளுந்தோட வழவழப்பு புடிச்சு வச்சுக்கும், அதுதான் பொங்குறது. அமிலம் புளிப்பைக் குடுக்கும், புளிப்பை அளக்கிற பிஎச்னு ஒரு அளவு இருக்கு, கம்மியானா புளிப்பு கூடுதல், மாவுல அது ஆறரை கிட்ட இருந்து நாலரை கிட்ட இறங்கிடும், அந்தப் புளிப்புல பல கெட்ட கிருமிக்கு வாழ முடியாது. ஃப்ரிட்ஜ்ல வச்சா இந்த வேலை மெதுவாகும், நிக்காது. அதனாலதான் கடை ஃப்ரிட்ஜ்ல பாக்கெட் தலகாணி மாதிரி உப்பி நிக்குது. அதைப் பாத்துப் பயப்படாதீங்க, உயிரோட இருக்குன்னு அர்த்தம், புளிப்பு கூடியிருக்கும் அவ்ளோதான், தோசைக்கு ஆகும், இட்லிக்கு சுமார். எனக்குச் சந்தேகம் வர்றது உப்பாத பாக்கெட் மேல, தேதி அஞ்சு நாள் பழசு, மாவு தட்டையா கிடக்கு, புளிப்பே இல்லைன்னா ஃப்ரிட்ஜ் ரொம்ப நல்ல ஃப்ரிட்ஜா இருக்கணும், இல்லைன்னா வேற ஏதோ கதை.

உண்மையில பாக்க வேண்டியது ரொம்பச் சாதாரணமான விஷயங்க. எந்தத் தண்ணி, எந்தக் கை, எந்தப் பாத்திரம். எங்க தெருக்கோடியில ஒரு கடையில ஒரு காலத்துல நல்ல மாவு, நானே வாங்கிட்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் போனப்ப அரிசிய ஊற வச்சிருந்த நீல ட்ரம்மைப் பாத்தேன், உள் விளிம்புல சுத்திலும் விரக்கடை அகலத்துக்கு வழவழன்னு பழுப்புப் படலம், அதைத் தேய்ச்சுக் கழுவி எத்தனை மாசம் ஆச்சோ. மாவு வெள்ளையாத்தான் இருந்துச்சு, வாசனையும் குறையில்ல. அன்னையோட அந்தக் கடைக்குப் போறதில்ல. அப்புறம் சோடா, நேரம் இல்லாம அவசரத்துக்குப் பொங்க வைக்கச் சில பேர் ஆப்பசோடா கலப்பாங்க. விஷமெல்லாம் இல்ல, ஆனா இட்லி லேசா மஞ்சளடிக்கும், நாக்குல ஒரு சோப்பு மாதிரி வழுக்கல் தெரியும், அப்படித் தெரிஞ்சா கடைய மாத்துங்க. கம்பெனி பாக்கெட்னா பின்னாடி ஐஎன்எஸ் 500னு போட்டிருந்தா அது சோடாதான்.

லேபிள் பாக்குறதுக்கு ஒரே ஒரு வித்தை சொல்லித் தர்றேன், இது எல்லாப் பாக்கெட்டுக்கும். உள்ள இருக்க பொருளை எடை அதிகமானதுல இருந்து குறைஞ்சது வரைக்கும் வரிசையாத்தான் எழுதணும்னு விதி. முன்பக்கம் கம்புக் கதிர் படம் போட்டு சிறுதானிய நூடுல்ஸ், ராகி பிஸ்கட்டுன்னு இருக்கும், திருப்பிப் பாத்தா முதல் பேரு மைதா, இல்லைன்னா கோதுமை மாவுன்னு கௌரவமா, ராகி எங்கயோ நாலாவதா சர்க்கரைக்குக் கீழ நிக்கும். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுல இருந்து இந்தக் கூத்து இன்னும் கூடிப்போச்சு. எங்க அப்பத்தா கம்பங்கூழ்ல இருந்து தப்பிச்சு நெல்லுச்சோத்துக்கு வர அறுபது வருஷம் ஆச்சு, இப்ப அதே கம்பு பளபளன்னு கவர்ல இருநூறு கிராம் அவ்ளோ விலைக்குத் திரும்பி வந்திருக்கு, அவங்க இருந்திருந்தா கடைக்காரனை அடிச்சிருப்பாங்க. உங்களுக்குக் கம்பு வேணும்னா முழுத் தானியமா கிலோ கணக்குல வாங்குங்க, இட்லி மாவுலயே ஒரு பங்கு அரிசிக்குப் பதிலா போட்டு ஆட்டலாம்.

ஆக உங்க வீட்டுக்கு நான் சொல்றது இவ்ளோதான். மாவு விஷயத்துல மருமகளை விட்டுடுங்க. ரெண்டு பேருமா ஒரு நாள் அந்தக் கடையில அரைக்கிற நேரத்துக்குப் போய் தண்ணியையும் ட்ரம்மையும் பாத்துட்டு வாங்க, திருப்தியா இருந்தா அங்கயே வாங்குங்க, அன்னைக்கு ஆட்டினதா கேட்டு வாங்கி வீட்லயே பொங்க விட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. வீட்லதான் ஆட்டணும்னு உங்களுக்கு ஆசை இருந்தா தாராளமா ஆட்டலாம், ஆனா கல்லைக் கழுவுறது யாருன்னு முன்னாடியே பேசிக்கோங்க. பொடி வாங்குறாங்கன்னா வாங்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவை உங்க கைப்பக்குவத்துல அரை கிலோ வறுத்துத் திரிச்சு வைங்க, அளவையும் அவங்ககிட்ட சொல்லிக் குடுங்க, எங்கம்மா அளவு சொல்லாமலே போயிட்டாங்க, அந்தக் கறிவேப்பிலை வாசனைய நானும் எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன், வரவே மாட்டேங்குது.

பேரன் விஷயம் உங்க கையிலதான் இருக்கு, ஏன்னா நாலு மணிக்கு அவன் வர்றப்ப வீட்ல இருக்கது நீங்க. ஒரேயடியா நிறுத்துனா அவன் உங்களை எதிரியாத்தான் பாப்பான், மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு பேசி வைங்க, செய்யிறப்ப மசாலாப் பாக்கெட்டைப் பாதி மட்டும் போடுங்க, உப்பு அதுலதான் அதிகம். மத்த நாளைக்கு அவன் பை வைக்கிறதுக்குள்ள கண்ணு முன்னாடி ஏதாச்சும் தயாரா இருக்கணும், அதுதான் முக்கியம், பசிச்சப்புறம் செய்ய ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷத்தை நம்மால ஜெயிக்க முடியாது. மூணரைக்கு குக்கர்ல நிலக்கடலையோ சீனிக்கிழங்கோ போட்டு வச்சிடுங்க. சீனிக்கிழங்கு மார்கழி தையில நல்லா வரும், இப்பவே வாங்குறதா இருந்தா மண்ணு ஒட்டினதா பாத்து வாங்குங்க, கழுவி வச்சது சீக்கிரம் அழுகிடுது.